நழுவிய கையும் கம்பு பிடித்த கையும்

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 41. தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கம், தாமிரபரணி ஆற்றங்கரை ஊர். 2023 டிசம்பர் 17 ராத்திரி வெள்ளம் வந்தபோது நானும் என் இரண்டு பிள்ளைகளும் அத்தையும் மொட்டைமாடியில் இருந்தோம். வீட்டுக்காரர் வேலைக்காக வெளியூர் போயிருந்தார். பக்கத்து வீட்டுத் தாத்தா எங்கள் மாடிப்படிக்கு வரப் பார்த்தார். நான் பாதிப் படி இறங்கி அவர் கையைப் பிடித்தேன். பிடித்த கை நழுவிவிட்டது. மூன்றாம் நாள்தான் அவர் கிடைத்தார்.

அதற்கப்புறம் மழைச் சத்தம் கேட்டால் தூக்கம் கிடையாது. மாடிப்படி ஏறி நெஞ்சு படபடத்தால் அந்த ராத்திரி அப்படியே வந்து முன்னால் நிற்கிறது. பிறந்ததிலிருந்து குளித்த ஆறு, இப்போது அந்தப் பக்கமே போவதில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் மகளைச் சிலம்பம் வகுப்பில் சேர்த்தேன். கூட்டிக்கொண்டு போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் ஆசான், "சும்மாதானம்மா இருக்கீங்க, ஒரு கம்பைப் பிடிங்க" என்றார். பிடித்தேன். இப்போது வாரத்தில் மூன்று நாள் ஆடுகிறேன். கொஞ்சம் தூக்கம் வருகிறது. முன்பெல்லாம் சட்டி பானைக்குக்கூட அத்தையோடு சண்டை போடுவேன், இப்போது இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுகிறோம். ஆனால் சொந்தக்காரர்கள், "இந்த வயசுல கம்பு சுத்தப் போறாளாம்" என்று சிரிக்கிறார்கள். என் தம்பி, "ஆத்துல ஒரு தடவ தூக்கிப் போட்டா பயம் தெளிஞ்சிரும்" என்கிறான். கூடப் படித்த தோழிகள் பொதிகை மலைப் பக்கம் ட்ரெக்கிங் கூப்பிடுகிறார்கள்.

கம்பு சுற்றும்போது ஒரு நிமிடம் சந்தோஷமாக இருக்கிறது. உடனே, ஒரு உயிர் என் கையிலிருந்து போயிருக்கிறது, நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேனே என்று குத்துகிறது. இது குணமாவதா, மறந்து ஓடுவதா?

பதில்:

வணக்கம் அம்மா. சிலம்பம், மலை, ஆறு எல்லாவற்றையும் பேசலாம். முதலில் அந்தக் கையைப் பற்றிப் பேசிவிடுவோம். அதைப் பேசாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குள் இறங்காது.

அந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நம் பக்கத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. மேலே அணைகளில் திறந்த தண்ணீரும், காட்டாறுகளும், உடைந்த குளங்களும் சேர்ந்து உங்கள் தெருவுக்கு வந்தன. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது மனிதனைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சேறும் ஈரமுமாக இருக்கிற ஒரு கையை, இருட்டில், பாதிப் படியில் நின்று, அந்த விசைக்கு எதிராகப் பிடித்து நிறுத்துவது பயிற்சி பெற்ற மீட்புக்காரருக்கே கஷ்டம். அவர்கள் பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் இறங்கவே மாட்டார்கள். மேலே இரண்டு பிள்ளைகளையும் வயதானவரையும் விட்டுவிட்டு நீங்கள் எதுவும் இல்லாமல் இறங்கியிருக்கிறீர்கள்.

இதைப் படித்தவுடன் குற்ற உணர்ச்சி போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருந்தால்" என்று மனது ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறது தெரியுமா? "தப்பு என்னுடையது" என்று நினைத்தால், அந்த ராத்திரி ஏதோ ஒன்றாவது என் கைவசம் இருந்தது என்றாகிவிடும். "எதுவுமே என் கையில் இல்லை" என்பதைத் தாங்குவதுதான் அதைவிடக் கஷ்டம். அதனால் மனது பழியைத் தன் மேலேயே போட்டுக்கொள்கிறது. என்னிடம் வருகிற வெள்ளக்காரர்கள் (அவர்களே தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்) பெரும்பாலும் ஏதோ ஒரு "இன்னும் கொஞ்சம்" வைத்திருக்கிறார்கள். மாட்டை இன்னும் கொஞ்சம் முன்னாடி அவிழ்த்திருந்தால். அம்மாவை இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கிளப்பியிருந்தால்.

சரி, சிலம்பத்துக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது மாடிப்படி. படி ஏறினால் யாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு வாங்கும். பயத்திலும் உடம்பு இதையேதான் செய்கிறது. அந்த ராத்திரிக்குப் பிறகு உங்கள் மூளை இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. படி ஏறியதால் வந்த படபடப்பா, ஆபத்தால் வந்த படபடப்பா என்று பிரித்துப் பார்க்க அது நேரம் எடுப்பதில்லை. படபடப்பு என்றாலே வெள்ளம்தான். இதனால் பலர் வேகமாக நடப்பதைக்கூட விட்டுவிடுகிறார்கள். காரணம் கேட்டால் "முடியல சார்" என்பார்கள். முடியாமல் இல்லை, உடம்புக்குள் எழும்புகிற சத்தம் அவர்களைப் பயமுறுத்துகிறது.

கம்பு சுற்றும்போது என்ன நடக்கிறது? பத்து நிமிடம் காலடி போட்டு வீச்சு எடுத்தால் நெஞ்சு மாடிப்படியில் அடித்ததைவிட வேகமாக அடிக்கும். வியர்க்கும், தொண்டை வறளும். ஆனால் வெள்ளம் வருவதில்லை. ஆசான் "நிறுத்து" என்கிறார், தண்ணீர் குடிக்கிறீர்கள், ஐந்து நிமிடத்தில் நெஞ்சு தானாக அடங்குகிறது. வாரத்துக்கு மூன்று தடவை, ஆறு மாதம். எழுபது தடவைக்கு மேல் உங்கள் உடம்பு உங்களுக்கே ஒன்றை நிரூபித்துக் காட்டியிருக்கிறது: இந்தப் படபடப்பு ஏறும், அப்புறம் இறங்கும், யாரும் சாகவில்லை. நான் எதிரே உட்கார்ந்து எழுபது தடவை வாயால் சொல்லியிருந்தாலும் இதில் பாதி நடந்திருக்காது. பயத்தைக் கற்றுக்கொண்டது உடம்பு என்பதால் மறுபாடத்தையும் உடம்புக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாடம் அழியாது. அதன் பக்கத்தில் புதிதாக ஒன்று எழுதப்படுகிறது, அவ்வளவுதான். வெயில் காயும் சாயங்காலம், மைதானம், மகள் பக்கத்தில் என்கிற சூழலில் புதுப் பாடம் முன்னே வரும். ஐப்பசியில் கரண்டு போன ராத்திரி ஓட்டுக் கூரையில் மழை அடிக்கும்போது பழையது முன்னே வரும். அப்படி வந்தால் "எல்லாம் வீணாகிவிட்டது" என்று நினைக்கக் கூடாது. புதுப் பாடத்தை மழைக்குள்ளும் கொண்டு போக வேண்டியிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். அதற்கு ஒரு வழி கடைசியில் சொல்கிறேன்.

சிலம்பத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், கை மாற்றுவது. இடது கை விட வேண்டும், வலது கை வாங்க வேண்டும். விடாமல் இறுக்கிப் பிடித்தால் கம்பு சுற்றாது. ஆரம்பத்தில் எத்தனை தடவை உங்கள் கையிலிருந்து விழுந்திருக்கும்! விழுந்தால் குனிந்து எடுத்துத் திரும்ப ஆரம்பித்திருப்பீர்கள். தாத்தாவின் கையும் மூங்கில் கம்பும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது அவருக்கும் உங்களுக்கும் மரியாதை இல்லை. ஆனால் அந்த ராத்திரி முதல் உங்கள் உள்ளங்கைக்கு ஒரே ஒரு ஞாபகம்தான் இருந்தது. இப்போது அதற்கு வேறு ஞாபகங்களும் சேர்ந்திருக்கின்றன.

"குணமாவதா, மறந்து ஓடுவதா" என்று கேட்டீர்கள். நான் பார்க்கிற அடையாளம் எளிது. ஓடுகிறவர்களுக்கு விளையாட்டு முடிந்ததும் உலகம் சுருங்கும். ஒரு வகுப்பு தவறினால் வீட்டில் எரிந்து விழுவார்கள், அடிபட்டாலும் நிறுத்த மாட்டார்கள், பேச்சு அந்த ராத்திரிப் பக்கம் திரும்பினால் எழுந்து போய்விடுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நாற்கரச் சாலையில் நூற்று இருபதில் பைக் ஓட்டுகிற ஒரு பையன் என்னிடம் வந்தான். "அப்பத்தான் சார் மனசு அமைதியா இருக்கு" என்றான். அது விளையாட்டும் இல்லை, சாகசமும் இல்லை. பயத்தை இன்னொரு பயத்தால் அமுக்கப் பார்ப்பது. உங்களுக்கோ உலகம் விரிந்திருக்கிறது. அத்தையோடு பேசுகிறீர்கள். தாத்தாவைப் பற்றி, முன்பின் தெரியாத எனக்கு எழுத முடிந்திருக்கிறது. ஓடுகிறவர் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டார்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்று இரண்டு உளவியலாளர்கள் பெரிய அதிர்ச்சிகளைக் கடந்து வந்தவர்களிடம் நீண்ட காலம் பேசிப் பார்த்து, 1996-ல் 21 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அதிர்ச்சிக்குப் பின் சிலரிடம் வளர்ச்சியும் தெரிகிறது, அது ஐந்து பக்கமாக வெளிப்படுகிறது என்பது அவர்கள் கண்டது: மற்றவர்களோடு நெருக்கம், தன் பலம் தெரிவது, வாழ்க்கையில் புது வாசல்கள், உயிரோடு இருப்பதன் அருமை, ஆன்மிக அல்லது வாழ்வு பற்றிய பார்வையில் மாற்றம். உங்கள் கடிதத்திலேயே இரண்டு மூன்று இருக்கிறது. சட்டி பானைச் சண்டை நின்றதைச் சும்மா போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

அந்த ஆய்வில் பலரும் கவனிக்காமல் விடுகிற செய்தி ஒன்று உண்டு. வளர்ச்சி வந்தால் வலி போயிருக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம். அந்த வளர்ச்சியும் வெள்ளம் கொடுத்தது அல்ல, வெள்ளத்துக்குப் பிறகு நீங்கள் பட்ட பாட்டில் வந்தது. ஆகவே நீங்கள் சந்தோஷப்படும் அந்த ஒரு நிமிடம் தாத்தாவின் சாவுக்குக் கிடைத்த லாபம் இல்லை. குத்துகிற மனதிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். உடனே கேட்காது, ஆனாலும் சொல்லி வையுங்கள். இன்னொன்று, வளர வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. உங்கள் தெருவிலேயே யாராவது, "எனக்கு ஒரு மாற்றமும் இல்லை, பழையபடி இருந்தால் போதும்" என்று இருப்பார்கள். அவர்களிடம் போய், "கம்பு பிடி, எல்லாம் சரியாகும்" என்று சொல்லிவிடாதீர்கள்.

விளையாட்டு மனிதனைத் தூக்கி நிறுத்திய கதைகளுக்குக் குறைவே இல்லை. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், போரில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு விளையாட்டைச் சிகிச்சையாகவே வைத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் 16 பேர் அங்கே வில் வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். இன்றைய பாராலிம்பிக்ஸின் விதை அதுதான். நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்தவர். 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம்.

இவர்களைச் சொல்லும்போது எனக்கு ஒரு தயக்கமும் வரும். மெடல் கதையைக் கேட்டவர், "நான் அந்த அளவுக்கு வரவில்லையே" என்று இன்னும் சுருங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் மெடலை விட்டுவிட்டு, குட்மன் என்ன செய்தார் என்று பாருங்கள். "படுத்திரு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கேட்டுக் கேட்டு அலுத்தவர் கையில் ஒரு வில்லைக் கொடுத்தார். அம்பை எப்போது விடுவது என்று முடிவு செய்வது படுத்திருந்தவர். உங்கள் ஆசான் செய்ததும் அதைத்தான். அவர் உங்கள் கதையைக் கேட்கவில்லை, பரிதாபப்படவில்லை, ஒரு கம்பைக் கொடுத்தார். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே இருக்கப் போகிறேன், ஏனென்றால் அதே தப்பை நானும் செய்திருக்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு குளச்சல் பக்கம் ஒரு முகாமில் இருந்தேன். படிப்பு முடித்த சூடு. எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னோம். சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்தோம். அப்படி ஒரே அமர்வில் எல்லாரையும் கிளறுவது பலன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்று ஆய்வுகள் அப்போதே எச்சரித்திருந்தன. நான் அதைச் சரியாக உள்வாங்கியிருக்கவில்லை. அந்த வட்டத்தில் இருந்த ஒரு மீனவரிடம், "சீக்கிரம் கடலுக்குப் போங்க, அப்பத்தான் பயம் போகும்" என்று வேறு சொல்லிவிட்டேன். மறுநாள் நண்பர்கள் அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனார்கள். பாதி அலையில் அவர் உடம்பு விறைத்துப் போய்விட்டது. அதற்கப்புறம் நாலைந்து மாதம் கடற்கரைப் பக்கமே வரவில்லை.

பிறகு அவராகவே ஆரம்பித்தார். முதலில் வீட்டுத் திண்ணையில் வலையின் கிழிசலைப் பொத்தினார். அப்புறம் வலையைக் கரையில் வைத்துப் பொத்தினார். அப்புறம் மற்றவர்கள் படகு இறக்கும்போது கணுக்கால் தண்ணீரில் நின்று ஒரு கை கொடுத்தார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆடி வருவதற்குள் கடலில் இருந்தார். கணுக்கால் தண்ணீரில் நின்ற அந்த மனுஷரிடம் நான் கற்றுக்கொண்டதைப் புத்தகத்தில் கற்கவில்லை.

வெள்ளத்தின் கொடுமை தண்ணீர் மட்டும் இல்லை. உங்களைக் கேட்காமல் வந்தது, நிறுத்தச் சொன்னால் நிற்கவில்லை. தூக்கிப் போடுவதும் அதேதான். தம்பி பாசத்தில் சொல்கிறான், சந்தேகமில்லை. ஆனால் நிறுத்தும் பிடி உங்கள் கையில் இல்லாத எந்த விளையாட்டும் உங்களுக்கு இன்னொரு டிசம்பர் 17-தான். அவனுக்கு வேறு வேலை கொடுங்கள்: "நான் போகலாம் என்னும்போது கூட வா, போதும் என்னும்போது வாயை மூடிக்கொண்டு திரும்பி வா."

ஆற்றுக்குப் போக வேண்டுமா என்றால், வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் மட்டும். பிறந்ததிலிருந்து குளித்த ஆறு என்று எழுதியதில் ஓர் ஏக்கம் தெரிகிறது, அதனால் சொல்கிறேன். கோடையில், தண்ணீர் தெளிந்து குறைவாக ஓடும்போது, காலை வேளையில், ஆற்றைப் பார்க்கிற தூரத்தில் முதலில் நில்லுங்கள். பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று மனதுக்குள் போடுங்கள். எட்டு என்றால் அங்கேயே நின்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள், நாலு ஐந்துக்கு வரட்டும். உச்சியில் இருக்கும்போது திரும்பி ஓடினால், "ஓடியதால்தான் தப்பித்தோம்" என்று மனது குறித்துக்கொள்ளும். இறங்கிய பிறகு திரும்பினால் வேறு மாதிரி குறித்துக்கொள்ளும். அதே இடத்துக்கு நாலைந்து நாள் போன பிறகு படித்துறையின் மேல்படி. அப்புறம் கால் நனைவது. ஒரு படிக்கு ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. நீச்சல் கற்க ஆசை இருந்தால் ஆற்றில் வேண்டாம். பாளையங்கோட்டையிலோ தூத்துக்குடியிலோ ஆழம் தெரிந்த நீச்சல் குளத்தில், பயிற்சியாளர் தண்ணீருக்குள் நிற்க, கைப்பிடிக் கம்பி எட்டும் தூரத்தில் தொடங்குங்கள். ஐப்பசி கார்த்திகையில் பெருக்கெடுத்த ஆற்றைப் பார்த்து வரும் பயம் இருக்கிறதே, அதைப் போக்க நான் உதவ மாட்டேன். அது வியாதி இல்லை, புத்தி.

மலைக்குப் போகலாம். தாராளமாக. இப்படி வெளிக்காட்டில் பழக்குகிற முறையே ஒரு விசித்திரமான கவலையில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் கப்பல் மூழ்கும்போது திடகாத்திரமான இளம் மாலுமிகளைவிட வயதான மாலுமிகள் அதிகம் பிழைக்கிறார்கள் என்று ஒரு கப்பல் கம்பெனி முதலாளிக்குப் பட்டது. இளைஞர்களுக்கு உடம்பு இருக்கிறது, தாக்குப்பிடிக்கும் பழக்கம் இல்லை என்று கருதி, 1941-ல் கர்ட் ஹான் என்ற கல்வியாளர் அவரோடு சேர்ந்து வேல்ஸில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். கடலும் மலையும்தான் பாடம். இன்றைக்குப் பல நாடுகளில் அதன் கிளைகள் இருக்கின்றன.

பொதிகை மலையின் உச்சியான அகத்தியர்கூடம் 1,868 மீட்டர். அதற்கு இப்போது அவசரம் இல்லை. அந்தச் சிகரத்துக்குப் பெண்கள் ஏறவே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது, 2019 ஜனவரியில்தான் வழி திறந்தது. இன்னும் ஒன்றிரண்டு வருடம் காத்திருப்பது பெரிய காரியமில்லை. இப்போதைக்குத் தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் திறந்துவிட்ட 40 மலைத்தடங்களில் சுலபமான ஒன்றைத் தோழிகளிடம் பார்க்கச் சொல்லுங்கள். காரையாறு பக்கமும் ஒன்று இருக்கிறது. வழிகாட்டி கூட வருவார். அனுமதி இல்லாத பாதையில் கூட்டிப்போகிறோம் என்று யார் சொன்னாலும் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் நாம் இழந்தவர்கள் போதும். கிளம்பும் முன் கூட வருகிறவர்களில் இரண்டு பேருக்காவது உங்கள் கதை தெரிந்திருக்கட்டும். ஓடையைக் கடக்க வேண்டி வந்தால் நீங்கள் நின்றுவிடலாம், அப்போது "ஏட்டி, இதுக்கா பயப்படுத" என்று யாரும் சிரிக்கக் கூடாது. ஏற்றத்தில் நெஞ்சு அடிக்கும். அதைத்தான் எழுபது தடவை பழகிவிட்டீர்களே.

உங்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். பணகுடிப் பக்கம் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கும் போட்டியில் பெண்களும் இறங்குகிறார்கள். கம்பு அதைவிட லேசு.

இனி கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. விளையாட்டு சிகிச்சைக்குத் துணை, சிகிச்சைக்குப் பதில் இல்லை. இரண்டு வருடம் கழிந்தும் மழை என்றால் தூக்கம் இல்லை, அந்த ராத்திரி கண் முன்னால் வந்து நிற்கிறது என்கிறீர்கள். அதிர்ச்சியை மையமாக வைத்துச் செய்கிற பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு அமர்வுகளிலேயே நல்ல மாற்றம் காண்கிறவர்கள் பலர். அந்தக் கையைப் பற்றிய குற்ற உணர்ச்சிக்கு அதுதான் சரியான இடம், மைதானம் அல்ல. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனையில் இருப்பார்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு வந்தாலும் சரி. உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. "நான் போயிருக்க வேண்டியது, அவர் இருந்திருக்க வேண்டியது" என்கிற எண்ணம் சாவைப் பற்றிய எண்ணமாகத் திரும்பினால் வகுப்பு, மலை எதற்கும் காத்திருக்காமல் அன்றே கூப்பிடுங்கள். அப்புறம், நாற்பதைத் தாண்டியவர், பிரஷர் சுகர் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முட்டி வலித்தால் ஆசானிடம் சொல்லுங்கள், மறைக்காதீர்கள்.

மழைக்கு ஒரு வழி சொல்கிறேன் என்றேன். பகலில் சின்னத் தூறல் விழும்போது வீட்டுத் தாழ்வாரத்திலோ வகுப்புக் கொட்டகையிலோ, கூரையில் மழைச் சத்தம் கேட்க, ஐந்தே நிமிடம் காலடி போடுங்கள். கம்புகூட வேண்டாம், வெறும் காலடி. மகளும் கூட ஆடட்டும். பெரிய மழைக்கும் ராத்திரிக்கும் அப்புறம் போகலாம். அன்றைக்கு மாடியில் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். மகள் சிலம்பத்தில் சேர்ந்ததற்கு அவளுக்கும் ஒரு காரணம் இருக்கலாம். பதில் வாங்குவதற்காகக் கேட்காதீர்கள், சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாத்தா வீட்டுக்காரர்களை அதற்குப் பிறகு நேராகப் பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். சிகிச்சையில் கொஞ்ச தூரம் போன பிறகு, தைரியம் வரும் ஒரு நாளில், அத்தையைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். கடைசியாக அவர் கையை ஒருவர் பிடித்திருந்தார் என்று அவர்களுக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

இன்னொரு யோசனை, ஆசானிடம் கேட்டுப் பாருங்கள். தண்ணீரில் தவிக்கிறவரைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் உள்ளே இறங்கக் கூடாது. கரையில் படுத்துக்கொண்டு ஒரு நீளக் கம்பை நீட்ட வேண்டும், எட்டாவிட்டால் மூடி இறுக்கிய காலிக் கேனையோ பிளாஸ்டிக் குடத்தையோ கயிறு கட்டி எறிய வேண்டும். தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் வந்து செய்து காட்டுவார்கள். உங்கள் வகுப்பில் இருபது முப்பது பிள்ளைகள் இருக்குமா? எல்லார் கையிலும் புருவ உயரத்துக்கு ஒரு கம்பு இருக்கிறது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் இல்லாத மைதானத்திலேயே பழகிப் பார்க்கலாம். அன்றைக்கு நீங்கள் கம்பை நீட்டுகிற பக்கம் நில்லுங்கள். முடியவில்லை என்றால் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள், அதுவும் போதும். ஐப்பசி கழிந்ததும் எப்படி இருந்தது என்று எனக்கு நாலு வரி எழுதுங்கள்.